எல்லாருக்கும் இருபது

“எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடுறாங்க, சிஸ்டர். யார்கிட்ட முதல்ல போறது?”

கேட்டவள் சகாயமேரி. வயது ஐம்பத்திரண்டு. கண் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள், ஆண்கள் பொது வார்டுக்கு மாற்றலாகி வந்து மூன்றாம் நாள்.

வார்டு பொறுப்பு தில்ஷாத்திடம். சகாயமேரியைவிடப் பதினேழு வயது இளையவள்.

நீங்கள் யாரிடம் முதலில் போவீர்கள் என்று தில்ஷாத் திருப்பிக் கேட்டாள்.

சகாயமேரி வரிசை சொன்னாள். மூன்றாம் கட்டிலில் கல்லடைப்பு. வார்டே அதிரக் கத்துகிறான். பன்னிரண்டில் டிரிப் தீர்ந்துவிட்டதென்று மச்சினன் சண்டைக்கு நிற்கிறான். பிறகு காய்ச்சல்காரர்கள்.

“எட்டாம் கட்டில்?”

“இசக்கி அண்ணனா? தங்கமான மனுஷன். நேத்து ஊசி போடுறப்ப, ‘உங்க வீட்டுக்காரர் பாவம்’னு கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தார். இன்னைக்கு ஒரு தொந்தரவும் இல்ல. எதைக் கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுறார்.”

தில்ஷாத் எழுந்துவிட்டாள். “மூச்சு நிமிஷத்துக்கு எவ்வளவு?”

சகாயமேரி எட்டாம் கட்டிலின் குறிப்புத் தாளைப் பார்த்தாள். “இருபது.”

“மூணாம் கட்டிலுக்கு?”

“இருபது.”

“பன்னிரண்டுக்கு?”

சகாயமேரி தாளைப் புரட்டவில்லை. முப்பது தாளிலும் அவள் கையெழுத்தில் அதே இருபதுதான். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் மிஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஒரு நிமிஷம் நின்று, நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிஷம் யாரிடம் இருந்தது? முந்தின ஷிப்ட்காரி இருபது என்று எழுதியிருந்தாள். இவளும் எழுதினாள்.

தில்ஷாத் திட்டவில்லை. எட்டாம் கட்டிலுக்கு விரைந்தாள். ஒரு கையால் ஆக்சிஜனைத் திறந்துகொண்டே, மறு கையால் சகாயமேரியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள்.

“எண்ணுங்க.”

இசக்கி முட்டியில் கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சகாயமேரியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

சகாயமேரி எண்ணினாள்.

இருபது வந்துவிட்டது. கடிகாரத்தின் விநாடி முள் இன்னும் பாதிச் சுற்றுகூட வரவில்லை.

 டாக்டர் ஓடி வந்ததும், இசக்கியைத் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் அவளுக்கு எங்கோ நடப்பதுபோல் இருந்தது.

“பிழைச்சுக்குவாரா, சிஸ்டர்?”

“தெரியாது.”

சகாயமேரி எட்டாம் தாளை எடுத்தாள். அந்த இருபதை அடிக்கப் பேனாவை வைத்தாள்.

தில்ஷாத் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது அப்படியே கிடக்கட்டும், அக்கா. இன்னும் இருபத்தொன்பது பேருக்கு எண்ணல.”