முட்டை விழுங்கும் பாட்டில்

நடுவர் நாலு மேசை தள்ளி வந்துவிட்டார். எங்கள் மேசையில் கண்ணாடி பாட்டில் இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, காகிதம் இருக்கிறது. கொண்டுவந்த முட்டையைத்தான் காணோம். அவித்து உரித்த முட்டையைப் பாட்டில் வாயில் வைத்தால் உள்ளே நுழையாது. காகிதத்தைக் கொளுத்தி உள்ளே போட்டுவிட்டு வைத்தால் பொளக்கென்று போய்விடும். இதைக் காட்டத்தான் ஒன்றியத்துப் பள்ளிகளெல்லாம் கூடும் அறிவியல் கண்காட்சிக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து லோகித்தையும் என்னையும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் வருவது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லோகித் பக்கத்து மேசையைப் பார்த்தான். அங்கே பெனிட்டா உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டிருந்தாள். வழியில் உடையக் கூடாதென்று அவித்துக் கொண்டுவந்தது. சாப்பிட உரித்து வைத்த இன்னொன்று தட்டில் சும்மா கிடந்தது. ஒன்று கொடு என்று கேட்டால் என்ன? அவனுக்குக் கேட்கத் தெரியாது, கதை அளக்கத்தான் தெரியும்.

"இது சாதா பாட்டில் இல்ல," என்று ஆரம்பித்தான். "போன வாரம் ஸ்கூல்ல காகிதத்தக் கொளுத்திப் போட்டேன். முட்டை உள்ள போச்சு. அதோட நிக்கல. சத்துணவுக் கூடத்துல அவிச்சு வச்ச அம்பது முட்டையும் வரிசையா உருண்டு வந்து ஒண்ணொண்ணா உள்ள போச்சு!"

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"அப்புறம்?" என்றான் ஒருவன்.

"முட்டையத் தேடிக்கிட்டு கோழி வந்துச்சு. கோழியும் உள்ள. வால் மட்டும் வெளிய."

"கோழி எப்படிடா நுழையும்?"

"இழுப்பு அப்படி! எங்க ஊர்ல எந்த பஸ்ஸும் நிக்காது, தெரியும்ல? அன்னைக்கு மெயின் ரோட்டுல போன பஸ் அப்படியே ரிவர்ஸ்ல வந்து பாட்டில் வாயில முட்டி நின்னுச்சு. கண்டக்டர் இறங்கி வந்து பாட்டிலுக்கு அரை டிக்கெட் குடுத்தாரு. வேணும்னா இவன்கிட்ட கேளு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டிலைத் துடைத்தேன். வேறென்ன செய்வது?

"கடைசில மேகம் இறங்கி வர ஆரம்பிச்சிருச்சு. ஹெச்.எம். ஓடி வந்து மூடியப் போட்டாரு. இல்லேன்னா நிலாவும் வந்திருக்கும். இன்னைக்கும் வச்சிருந்த முட்டைய முழுங்கிருச்சு. அதான்... ஒரு முட்டை இருந்தா..."

பெனிட்டா தட்டை நகர்த்தி மேசை ஓரத்தில் வைத்தாள்.

"பஸ்ஸையே இழுத்த பாட்டில்தான? என் முட்டை ரெண்டடி தூரத்துல இருக்கு. இழுக்கச் சொல்லு."

எல்லோரும் பாட்டிலையே பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பார்த்தேன்.

"இப்ப... இப்ப அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு," என்றான் லோகித்.

"யாருக்கு நிறைஞ்சிருக்கு? வாயோரத்துல மஞ்சக்கரு ஒட்டியிருக்கு, தொடச்சுக்க."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். காலையில் வேனில் பசிக்குது பசிக்குது என்று இவன் புலம்பியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நடுவர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார். பெனிட்டா தட்டிலிருந்த முட்டையை எடுத்தாள். லோகித் கையை நீட்டினான்.

அவள் அதை என் கையில் வைத்தாள்.

"இதையாவது பாட்டில் திங்கட்டும்," என்றாள்.