மேல்கோம்பைக்குப் போன மூங்கில் குழாய்

நீர்மருதங்காட்டில் செவலை என்றொரு மலை அணில் இருந்தது. அதற்கு வால் நீளம். வாய் அதைவிட நீளம்!

காட்டாற்றங்கரையில் இருந்த உயரமான நீர்மருது மரத்தில்தான் அதன் வீடு. வீடு என்றால் ஒன்றல்ல, ஏழு கூடுகள். ஒன்றில் குடியிருக்கும். மற்ற ஆறும் ஆறு மரங்களில் ஆளில்லாமல் கிடக்கும். மலை அணில்களின் குல வழக்கம் அது.

"எதுக்கப்பா இத்தனை கூடு?" என்று யாராவது கேட்டால், "ஆபத்து என்ன சொல்லிட்டா வரும்?" என்று செவலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லும்.

ஒருநாள் காட்டின் தலைவியான மலையம்மா எல்லாரையும் பாறைத்திட்டுக்கு வரச் சொன்னது. மலையம்மா ஒரு பெண் யானை. அது அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் அது பேச ஆரம்பித்தால் குரங்குகள்கூடச் சேட்டையை நிறுத்திவிடும்.

"கண்ணுகளா, இங்கேயிருந்து மேல்கோம்பை வரைக்கும் ஆத்தோரமா மூங்கில் குழாய் போடப் போறோம். இந்த முனையில பேசினா அந்த முனையில கேட்கும். வழியில இருக்கிற பெரிய மரத்துக்கெல்லாம் ஒரு கிளைக்குழாய் உண்டு. யார் வேணும்னாலும் பேசலாம், யார் வேணும்னாலும் கேட்கலாம். மரங்கொத்தி தச்சனும் கரடிகளும் வேலை பார்ப்பாங்க. அவங்க இரை தேடப் போக முடியாதில்லையா? அதனால ஒவ்வொருத்தரும் சேர்த்து வெச்சதுல பத்துல ஒரு பங்கு கொடுக்கணும்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. முதலில் எழுந்து நின்றது செவலைதான்.

"மேல்கோம்பையில யார் இருக்கா? நாலு சருகுமான், ஒரு குளம் தவளை! அவ்வளவுதானே?"

அது சொன்னது பொய்யில்லை. மேல்கோம்பை என்பது ஆறு பிறக்கும் இடத்தில், மலை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஓர் இடுக்கு. அங்கே போய்ச் சேர ஒரு பகல் நடக்க வேண்டும். போனவர்கள் குறைவு. அங்கிருந்து இறங்கி வந்தவர்கள் அதைவிடக் குறைவு.

"நாலு சருகுமானுக்கு நானூறு மூங்கிலா?" என்று செவலை விடாமல் கேட்டது. "நமக்குச் சேதி வேணும்னா கொம்பையன் பறந்து போய்க் கொண்டு வரான். குழாய் வேணும்கிறவன் தன் செலவுல போட்டுக்கட்டும்!"

கொம்பையன் ஓர் இருவாச்சிப் பறவை, செவலையின் கூட்டாளி. பக்கத்து அத்திமரத்தில் குடியிருந்தது. தன் பெயர் வந்ததும் கழுத்தைத் தூக்கியது. "எனக்கும் வயசாகுது செவலை. அவ்வளவு உயரம் போனா இறக்கை வலிக்குது," என்றது பாவமாக.

மலையம்மா சிரித்தது. "சருகுமான் என் முழங்கால் உயரம்கூட இல்லை, செவலை. அது எப்படி மூங்கிலைத் தூக்கும்? கோம்பையில இருக்கிறவங்களும் நம்ம காட்டுக்காரங்கதானே?"

செவலையும் தன் பங்கைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனாலும் தன் ஏழாவது கூட்டிலிருந்து கொட்டைகளைக் கொண்டு வந்து போட்டபோது அதற்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு கொட்டையையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தது.

வேலை தொடங்கியது. அப்பப்பா, எவ்வளவு இழுபறி! தச்சன் ஒவ்வொரு கணுவுக்கும் பக்கத்தில் ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் தடுப்பைக் கொத்தி எடுக்க வேண்டும். பிறகு கரடிகள் அந்த ஓட்டையைத் தேன்மெழுகால் அடைக்க வேண்டும். கரடிகளோ மெழுகில் ஒட்டியிருந்த தேனை நக்குகிற சாக்கில் பாதி மெழுகையும் தின்றுவிட்டன! முதல் நூறு மூங்கில் பச்சையாக வெட்டியதால் வெயிலில் வெடித்தது. மூன்று மாதம் என்று சொன்ன வேலை ஏழு மாதம் இழுத்தது. மலையம்மா தயங்கித் தயங்கி இன்னொரு பங்கு கேட்டது.

"நான் அப்பவே சொன்னேனே!" என்று செவலை மரம் மரமாகத் தாவிச் சொல்லி வந்தது. சொல்வதற்கு அதற்குக் காரணம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒருவழியாகக் குழாய் மேல்கோம்பை போய்ச் சேர்ந்தது. காடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. குழாயில் முதன்முதலாக ஒரு மெல்லிய குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்! நான் கோம்பையிலேயிருந்து சருகுமான் புள்ளி பேசுறேன். இன்னிக்கு நான் ரெண்டு நெல்லிக்காய் சாப்பிட்டேன்!"

செவலை தலையில் அடித்துக்கொண்டது. "இதுக்காகவா என் கொட்டையைக் கொடுத்தேன்?"

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். காலையில் புள்ளி என்ன தின்றது என்று சொல்லும். பகலில் தவளைகள் பாட்டுப் பாடும். ஒரு தவளை பாடினால் குளமே சேர்ந்து பாடும். கீழே குரங்குகள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். காட்டில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டுக் குழாய் வாயில் காதை வைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

செவலையின் மனைவி மஞ்சாடியும் அப்படித்தான். அதற்கு அப்போதுதான் இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. இன்னும் கண் திறக்கவில்லை. கூட்டைவிட்டு அதிகம் நகர முடியாத மஞ்சாடிக்குப் புள்ளியின் பேச்சுதான் துணை.

"போன மழையில எங்க மரத்தடியில மண் அரிச்சுட்டுப் போயிடுச்சு புள்ளி. வேரெல்லாம் வெளியில தொங்குது. வேற கூட்டுக்குப் போகலாம்னு சொன்னா உங்க அண்ணன் கேட்கிறதில்லை. இதுதான் ஏழுலயும் நல்ல கூடுன்னு பிடிவாதம்!"

"அண்ணன் எப்பவுமே அப்படித்தானா அக்கா?"

"கல்யாணம் ஆன நாள்லேயிருந்து!"

குழாய்க்குள் புள்ளி சிரிக்கும் சத்தம் கேட்கும். செவலை பின்னால் இருந்து, "என் வீட்டு விஷயம் கோம்பை வரைக்கும் போகணுமா?" என்று கத்தும்.

"அண்ணே, வணக்கம்! இன்னிக்கு ரெண்டு நெல்லிக்காய்..."

"உன்னை யார் கேட்டா?"

ஒவ்வொரு காலையும் இப்படியே நடந்தது. செவலை திட்டாமல் அந்த மரத்தில் பொழுது விடிந்ததில்லை. உண்மையைச் சொன்னால், ஒருநாள் புள்ளி கொஞ்சம் தாமதமாக வந்தபோது செவலை நான்கு முறை குழாயை எட்டிப் பார்த்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை மஞ்சாடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழம் தேடிப் போயிருந்தது. குட்டிகளைத் தூங்க வைக்கும் வேலை செவலையின் தலையில் விழுந்தது. ஒன்று தூங்கினால் மற்றது எழுந்தது. மற்றது தூங்கினால் முதலாவது எழுந்தது. கடைசியில் இரண்டும் ஒருவழியாகக் கண்ணயர்ந்தன. அந்த நேரம் பார்த்துத் தவளைக் கச்சேரி ஆரம்பித்தது!

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு!" என்று பல்லைக் கடித்த செவலை, கூட்டிலிருந்து ஒரு பிடி மரநாரை உருவியது. இலையையும் சேர்த்து உருட்டியது. குழாயின் வாயில் வைத்து நன்றாக அழுத்தி அடைத்தது.

அப்பாடா! என்ன அமைதி! வெயில் இதமாக இருந்தது. செவலை வாலைப் போர்த்திக்கொண்டு குட்டிகளின் பக்கத்தில் படுத்தது. அப்படியே தூங்கிப்போனது.

படபடவென்று இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டுத்தான் அது விழித்தது. கொம்பையன் கிளையில் வந்து மோதாத குறையாக உட்கார்ந்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"செவலை! ஏன் குழாயில பதில் சொல்லலை?"

"தூங்கிட்டிருந்தேன். இப்ப என்ன, தவளைக்குப் புதுப் பாட்டு கிடைச்சுதா?"

"வெள்ளம் வருது! மேல்கோம்பையில மேகம் உடைஞ்ச மாதிரி மழை. ஆறு செக்கச்செவேல்னு மரத்தைப் புரட்டிக்கிட்டு இறங்குதாம். புள்ளி எல்லாருக்கும் சொல்லிடுச்சு. எல்லாரும் மேட்டுக்குப் போயாச்சு!"

செவலை அண்ணாந்து பார்த்தது. வானம் நீலமாக இருந்தது. கீழே ஆறு எப்போதும்போல் சலசலத்தது.

"வெயில் கொளுத்துது, வெள்ளமாம்! யாரோ உன்னை ஏமாத்தியிருக்காங்க. ஆபத்து என்ன சொல்லிட்டா வரும்?"

"சொல்லிட்டுத்தான்டா வருது!" என்று கொம்பையன் கத்தியது. "நீதான் கேட்கலை! 'அண்ணன் திட்டலையே, அண்ணன் திட்டலையே'ன்னு அந்தச் சின்னது அழுதுகிட்டே இருக்கு. 'அவங்க மரத்துக்கு வேர் பிடிப்பில்லை, குட்டி ரெண்டும் கண் திறக்கலை, யாராவது ஓடிப் போய்ப் பாருங்க'ன்னு கெஞ்சுது. அதனாலதான் நான் வந்தேன்!"

செவலை துள்ளி எழுந்தது. தாவிப் போய் நாரைப் பிடுங்கி எறிந்தது.

குழாய்க்குள்ளிருந்து கரகரத்துப்போன குரல் ஒன்று வந்தது. "அண்ணே... செவலை அண்ணே... ஒரு தடவை திட்டுங்கண்ணே..."

"புள்ளி! இருக்கேன், இருக்கேன்!"

"குட்டிகளைத் தூக்குங்கண்ணே! பேசாதீங்க, தூக்குங்க!"

செவலை முதல் குட்டியைக் கவ்வியது. அது பாய்ந்த பாய்ச்சலை அதற்கு முன்னும் பின்னும் அந்தக் காடு பார்த்ததில்லை. மேட்டுப் பலாமரத்தில் இருந்த நான்காவது கூட்டில் குட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மலையே உருண்டு வருவதுபோல் ஒரு சத்தம். இரண்டாவது குட்டியைக் கவ்வும்போது மரம் ஆடியது. கொம்பையன் மேலே வட்டமடித்து, "வா! வந்துடு!" என்று அலறியது.

செவலை கண்ணை மூடிக்கொண்டு தாவியது.

அதன் கால் பக்கத்து மரத்தைத் தொட்டதும், பின்னால் நீர்மருது மரம் வேரோடு சாய்ந்து விழுந்தது. அந்த நல்ல கூட்டையும் சேர்த்துச் செந்நீர் சுருட்டிக்கொண்டு போனது. மேலே வானம் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. மஞ்சாடி அக்கரையிலிருந்து வந்து குட்டிகளை நக்கி நக்கிக் கொடுத்தது. செவலையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று செவலைக்கு இருந்தது.

மலையம்மா மறுபடியும் பாறைத்திட்டில் கூட்டம் போட்டது. அதன் முகம் வாடியிருந்தது.

"கண்ணுகளா, வெள்ளத்துல குழாய் மூணு இடத்துல உடைஞ்சு போச்சு. எல்லாருக்கும் கஷ்டம்தான். இன்னொரு பங்கு கேட்க எனக்கே வாய் வரலை."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எதையோ இழுக்கிற சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செவலை ஓர் இலை மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே முழுக்கக் கொட்டைகள்! இந்த முறை அது எதையும் முகர்ந்து பார்க்கவில்லை.

"ஏழாவது கூடு மொத்தமும் இருக்கு தலைவி. ஆபத்துக்குன்னு, ஒருநாளும் நான் படுக்காத ஆறு கூட்டை வருஷம் பூரா பராமரிச்சேன். நாலு சருகுமானுக்குக் குழாய் எதுக்குன்னு நான்தான் கேட்டேன். புத்தி கெட்டுக் கேட்டேன்," என்றது. பிறகு குரலை உயர்த்தியது. "ஆனா தச்சனைக் கொஞ்சம் சீக்கிரம் கொத்தச் சொல்லுங்க! கரடிங்க மெழுகைத் தின்னாம இருக்க யாராவது பக்கத்துல நின்னு பார்த்துக்கணும்!"

கூட்டமே கொல்லென்று சிரித்தது. கரடிகள் மட்டும் வேறு பக்கம் பார்த்தன.

பத்தே நாளில் குழாய் சரியாயிற்று. அன்று காலை நான்காவது கூட்டின் வாசலில், புதுக் கிளைக்குழாயின் முன்னால் செவலை விடியும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டது. வெகுநேரம் கழித்து அந்த மெல்லிய குரல் வந்தது.

"அண்ணே, வணக்கம்! இன்னிக்கு ரெண்டு நெல்லிக்காய் சாப்பிட்டேன்!"

செவலை தொண்டையைச் செருமிக்கொண்டது. குழாயின் வாயருகே குனிந்து மெதுவாகக் கேட்டது:

"புளிச்சுதா, இனிச்சுதா? விவரமா சொல்லு."

தொலைவில் இருப்பவர்களை நம்மோடு சேர்க்கும் வழிக்கு நாம் கொடுக்கும் பங்கு அவர்களுக்குச் செய்யும் தானம் அல்ல. ஒருநாள் அது நம் வீட்டுக்கே காவலாய்த் திரும்பி வரும்.