மாறிப்போன படம்

"டீச்சர், என் படத்த வாங்குனவங்க அதப் பாக்கவே இல்ல."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள் பிரிசில்லா.

கதீஜா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான் என்றாலும், பிரிசில்லாவைவிடப் பத்து வயது இளையவள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

பிரிசில்லா உட்காரவில்லை.

நடந்தது இதுதான். தூத்துக்குடிக் கடலையும் கரையையும் ஓயாமல் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டுவந்தாள் பிரிசில்லா. பார்த்தவர்கள் லைக் போட்டுவிட்டுப் போனார்கள். வாங்கத்தான் ஆளில்லை. படத்தோடு சொந்தக் கதையையும் சேர்த்து எழுதினால் விற்கும் என்று யாரோ சொன்னார்கள். ஆளில்லாத படகு ஒன்றை வரைந்து, கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணன் அந்தோணியைப் பற்றி அதன் கீழே எழுதினாள்.

முன்பின் தெரியாதவர்களெல்லாம் படித்து அழுதார்கள். மறுநாளே ஈரோட்டிலிருந்து வாசுகி என்ற அம்மாள் படத்தை வாங்கிவிட்டார்.

அனுப்பிய அவசரத்தில் பார்சல் மாறிவிட்டது. போனது படகு இல்லை. வீட்டுக் கொல்லையில் கொடியில் துணி காயும் படம். நிறம் பழகுவதற்காக வரைந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இன்று காலை அலமாரியில் படகைக் கண்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பதறிப்போய்ப் போனை எடுத்தால், வாசுகியிடமிருந்து செய்தி வந்திருந்தது. படத்தை ஹாலில் மாட்டியிருக்கிறாராம். பார்க்கும்போதெல்லாம் அந்தோணி கண்முன்னால் நிற்கிறானாம்.

"படகே இல்லாத படத்துல அண்ணன் எப்படி நிப்பான்? அப்போ நான் வித்தது படமே இல்லையா டீச்சர்? அண்ணனையா வித்தேன்?"

கதீஜா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்குக்கா கேக்கீங்க?"

பிரிசில்லாவின் போனை வாங்கி, வாசுகியின் எண்ணை அழுத்தி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

மணி அடித்தது. துண்டித்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் வாசுகி எடுத்துவிட்டார்.

பிரிசில்லா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். படம் மாறிவிட்டது, தப்பு என்னுடையதுதான், சரியானதை அனுப்பிவிட்டு இதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

வாசுகி முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பிரிச்சப்பவே தெரியுங்க," என்றார் வாசுகி. "படகப் பாத்துத்தான வாங்குனேன். திருப்பி அனுப்பலாம்னுதான் எடுத்து வெச்சேன். அப்புறம் அந்தக் கொடியக் கொஞ்ச நேரம் பாத்தேன். எல்லாம் பொம்பளைங்க துணி. ஓரத்துல ஒரே ஒரு ஆம்பளைச் சட்டை."

பிரிசில்லா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

வீட்டில் அவளும் அம்மாவும்தான். சனிக்கிழமைதோறும் அம்மா அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போடுவாள். சாயங்காலம் மடித்து உள்ளே வைத்துவிடுவாள். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. மற்ற துணிகளோடு அதையும் வரைந்திருக்கிறோம் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அது அவரோடதுதானுங்களே?"

"ஆமா."

"நீங்க அத எழுதல. அதனாலதான் இத்தன நாளா நானும் கேக்கலைங்க."