போர்டுச் சேவலுக்கு வாழ்க்கைப்பட்ட கருப்பி

கொக்கலாங்குளம் என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேடாதீர்கள், வரைய வந்தவர் அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்டதால் விட்டுப்போயிற்று.

அங்கே கோழி வளர்க்க ஒரு முறை உண்டு. இருப்பதிலேயே குண்டுச் சேவலை, இருப்பதிலேயே குண்டுக் கோழியோடு சேர்ப்பார்கள். குஞ்சுகளிலும் குண்டானதையே அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கோழிகள் பருத்தன. கடைசியில், பக்கத்து ஊருக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னாலே படுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டன.

இந்த வருஷம் வடிவின் வீட்டில் மிஞ்சிய கோழி கருப்பி ஒருத்திதான். ஒல்லிக்குச்சி. ஊர்க்கோழியெல்லாம் கழிச்சலில் கிடந்தபோதும் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தவள். வடிவுக்கு அவள்மேல் உயிர். வடிவின் புருஷன் ஒச்சப்பனுக்கும் அவள்மேல் ஆசைதான்; அது மிளகு போட்டு வறுக்கும் வகை ஆசை.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். எடையை மட்டுமே பார்த்துப் பொறுக்கியதில் எடை வந்துவிட்டது, நோயைத் தாங்கும் சக்தி போய்விட்டது என்றார். “இனிமே சீக்கு வராம நிக்கிறதா பாத்து ஜோடி சேத்துவிடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஊர் கூடியது. பேச்சு முழுக்கச் சேவலைப் பற்றியே இருந்தது. வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முட்டை போடுறது யாரு? அடை காக்குறது யாரு? அவளப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீங்களா?”

நியாயம்தான் என்று ஊர்த்தலைவர் காசிலிங்கம் ஒத்துக்கொண்டார். கருப்பிதான் பெண் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைதான் கிடைக்கவில்லை. கழிச்சலில் விழுந்து எழுந்த ஒரு நொண்டிச் சேவலை வடிவு காட்டினாள். எழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான் என்று தள்ளிவிட்டார்கள்.

அப்போது காசிலிங்கத்தின் கண் கறிக்கடைப் பக்கம் போனது. வாசலில் தகரப் போர்டு. அதில் ஒரு சேவல் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

“அந்தக் கடைக்குள்ள போன கோழி எதுவும் உசுரோட திரும்பல. இவன் மட்டும் எத்தனை வருஷமா வாசல்லயே நிக்கிறான். ஒரு தும்மல் உண்டா?”

வாதத்தில் தோற்று வடிவுக்குப் பழக்கமில்லை. மழையில் நனைந்திருக்கிறானா என்று விசாரித்தாள். எல்லா மழையிலும் என்றார்கள். அதற்குமேல் அவளாலும் குறை சொல்ல முடியவில்லை.

ஒச்சப்பன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். பிறக்கிற குஞ்சில் ஒன்று சீக்கில் விழுந்தாலும் கருப்பி அன்றைக்கே குழம்பு. ஊர் தலையாட்டியது.

போர்டைக் கழற்றிவந்து கூண்டுக்குள் நிறுத்தினார்கள். கருப்பி தகரத்தை ஒரு கொத்து கொத்திப் பார்த்தாள். மாப்பிள்ளை சிரிப்பை விடவில்லை. தங்கமான குணம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

கருப்பி முட்டையிட்டு அடையில் உட்கார்ந்தாள். குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. கழிச்சலும் மறுபடி வந்து, மிச்சமிருந்த குண்டுக் கோழிகளைச் சாய்த்துவிட்டுப் போனது. முட்டைகள் அசையவில்லை.

ஒச்சப்பன் மிளகு இடிக்க ஆரம்பித்தான். வடிவு கூண்டை மறித்து நின்றாள்.

“எதுக்கு இடிக்கிறீங்க? ஒரு குஞ்சாவது சீக்குல விழுந்துச்சா?”

“குஞ்சே வரலையேடி.”

“வெளிய வந்தாத்தான சீக்கு வரும்? வெவரமா உள்ளயே இருக்குதுக. போன வருஷத்துக் குஞ்சுகளுக்கு இந்தப் புத்தி இருந்துச்சா?”

காசிலிங்கம் முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்றில்கூட இருமல் இல்லை. கருப்பி பிழைத்தாள்.

சில நாள் கழித்து டாக்டரம்மா போனில் விசாரித்தார். கருப்பியின் வாரிசுகளில் எத்தனை சீக்கில் விழுந்தன என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றாள் வடிவு. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு ஏதாவது குறை உண்டா என்றார்.

“ஒண்ணே ஒண்ணுதான் டாக்டரம்மா. தவிடு வச்சாலும் எட்டிப் பாக்க மாட்டேங்குதுக. கூச்சத்துக்கு ஏதாவது மருந்து இருக்கா?”