டைனோசர் எலும்பு ஏன் தன் வயதைச் சொல்வதில்லை

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. அது போதாதென்று, செத்துப்போன விலங்குகளின் எலும்புகளும் பேசின. மண்ணைக் கிளறும்போது ஓர் எலும்பு தட்டுப்பட்டால், "யாருப்பா நீ, எந்தக் காலத்து ஆளு?" என்று கேட்டால் போதும். பிறந்த வருஷத்தில் தொடங்கி, மாமியார் செய்த கொடுமை வரை கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஓயும். நமக்கு இப்போது அந்த வசதி இல்லை. கெடுத்தவன் ஒருவன். அவன் பெயர் தாண்டவராயன்.

பெயரைக் கேட்டுப் பெரிய உருவத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தாண்டவராயன் டைனோசர்தான், ஆனால் டைனோசர்கள் உலகத்துக்குப் புதிதாக வந்திருந்த நேரம் அது. வாலையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தாலும் ஓர் ஆட்டின் கனம் தேறமாட்டான். இரண்டு காலில் விறுவிறுவென்று ஓடுவான். வாய் அதைவிட வேகமாக ஓடும்.

அவன் இருந்த ஆற்றங்கரையில் பாதிக்கு மேல் மூக்காயியின் சொந்தபந்தங்கள்தான். மூக்காயிக்குப் பன்றி போல உருண்டை உடம்பு, கிளி போல வளைந்த மூக்கு. அந்த மூக்கால் கிழங்கு தோண்டித் தின்பாள். யார் வம்புக்கும் போகமாட்டாள். பொய்யும் சொல்லமாட்டாள், சாப்பிடவே நேரம் போதாதவளுக்குப் பொய் யோசிக்க ஏது நேரம்?

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஆறு வற்றி, பாறைக்கு நடுவில் ஒரே ஒரு குட்டை மிஞ்சியது. வயதில் மூத்தவர்கள் குடும்பத்தோடு முதலில் குடிக்க வேண்டும், இளையவர்கள் பிறகு குடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். வயதை எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருந்த எரிமலை எப்போதாவது ஒரு தடவை சாம்பலைக் கக்கும். "நான் வெள்ளைச் சாம்பலுக்கு முந்தி", "நான் அதுக்கு அப்புறம்" என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

தாண்டவராயன் எப்போதும் கடைசி ஆள். அவன் முறை வரும்போது குட்டையில் சேறுதான் இருக்கும். அவனுடைய ஒரே மகள் அந்தச் சேற்றை நக்கி நக்கி, எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். பெற்றவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு நேராக வரிசையின் முன்னால் போய் நின்றான்.

"எங்க வந்து நிக்கிற தம்பி?" என்று கேட்டது முதலை.

"தம்பியா? மரியாதையாப் பேசுங்க. வெள்ளைச் சாம்பல் விழுந்தப்பவே எனக்குக் கல்யாண வயசு."

முதலைக்குச் சுருக்கென்றது. "அப்படியா? நான் கருஞ்சாம்பலுக்கும் முந்தி!"

"சும்மா இருங்கய்யா, அந்த எரிமலை கைப்புள்ளையா இருந்தப்ப நான்தான் இடுப்புல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றது தவளை.

பல்லி ஒன்று தன் பாட்டிக்கும் தான்தான் மூத்தவன் என்றது. பக்கத்தில் நின்ற பாட்டி, தண்ணீர் கிடைத்தால் சரியென்று, "ஆமா, அண்ணன்தான்" என்று தலையாட்டியது. பேச்சு முற்றித் தள்ளுமுள்ளு ஆனது. குட்டைக்குள்ளேயே இறங்கி ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். இருந்த கொஞ்சம் தண்ணீரும் சேறாகிவிட்டது.

"நிறுத்துங்க!" என்று காலுக்கடியில் ஒரு குரல் கேட்டது. பேசியது பாறை. "விழுந்த சாம்பல் எல்லாம் என் முதுகுலதான் விழுந்துச்சு. இன்னும் தட்டிக்கூட விடல. என்கிட்டயே கதை விடுறீங்களா? தாண்டவராயா, நீ எந்தச் சாம்பலுக்கு ஆளு? கூட இருந்தவங்க யாராவது வந்து சொல்லட்டும்."

தாண்டவராயன் மடியில் கிடந்த மகளைப் பார்த்தான். பிறகு பொய் எழவில்லை. "மூக்காயி அக்காவைக் கேளுங்க" என்றான் மெதுவாக.

மூக்காயி வாயில் இருந்த கிழங்கை விழுங்கினாள். "வெள்ளைச் சாம்பல் விழுந்து ரொம்ப காலம் கழிச்சுத்தான் இவன் முட்டையை விட்டு வந்தான். நான் பார்த்தேன். செஞ்சாம்பல் அதுக்குப் பொறவு. எங்களுக்கெல்லாம் இளையவன்தான்."

கூட்டம் கெக்கலித்தது. தாண்டவராயன் தலையைத் தொங்கப்போட்டான்.

"சிரிக்காதீங்க. அந்தப் புள்ள கெடக்குற கெடையைப் பாருங்க" என்றாள் மூக்காயி. "என் வரிசையில என்கூட நின்னு குடிக்கட்டும். ஒரே கரையில இருந்தவங்க நாங்க."

பாறைக்கே மனசு இளகிவிட்டது. தன் இடுக்கில் ஒளித்து வைத்திருந்த தண்ணீரைக் கசியவிட்டது. மகள் குடித்தாள். கண்ணைத் திறந்தாள். தட்டுத்தடுமாறி எழுந்து நின்றாள். தாண்டவராயன் தேம்பித் தேம்பி அழுதான். அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தானும் வயிறு முட்டக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். மகள் பக்கம் குனிந்து, "பார்த்தியாம்மா? அப்பாதான் மூத்தவருன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இந்த மூக்காயிகூட எனக்குத் தங்கச்சி முறைதான்" என்றான்.

மூக்காயிக்கு மூக்கு நுனிவரை வலித்தது. தன் குட்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்தாள். பாறைக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தண்ணி வாங்கிக் குடுத்தவளையேவா? இனிமே வயசைப் பத்தி உன் பேச்சு எடுபடாது. உன் வம்சம் மலை உசரத்துக்கு வளர்ந்தாலும் சரி, அதோட எலும்பு வாய் திறக்காது. இங்க நின்னு புளுகின அத்தனை பேரு எலும்பும் அப்படித்தான். வயசு தெரியணும்னா என் முதுகுல இருக்குற சாம்பலைக் கேக்கட்டும், இல்லைன்னா மூக்காயியைக் கேக்கட்டும்."

மூக்காயி திரும்பிப் பார்த்தாள். "அப்ப என் எலும்பு பேசுமா சாமி?"

"நீ பேசவே வேண்டாம் தாயி. நீ எந்தக் காலத்து ஆளுன்னு ஊருக்கே தெரியும், பக்கத்துல கெடந்தாலே அவனும் அந்தக் காலந்தான்னு புரிஞ்சுக்குவாங்க."

அன்று முதல்தான், பூமியைத் தோண்டி ஆதி டைனோசரை வெளியே எடுப்பவர்கள் அதனிடம் வயது கேட்பதில்லை. மேலே என்ன சாம்பல், கீழே என்ன சாம்பல் என்று பாறையைத் தட்டி விசாரிக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் வளைந்த மூக்கு ஏதாவது புதைந்திருக்கிறதா என்று மண்டியிட்டுத் தேடுகிறார்கள். சாம்பலோ மூக்காயியோ கிடைக்கும்வரை தாண்டவராயன் வயசு தெரியாத பிள்ளைதான்.