தலைவர் கடித்த கமர்கட்

பேருந்து நிலையத்தில் பல்செட் செய்து, பழுதும் பார்க்கும் சவேரியம்மாளின் கடை முன்னால் பேரூராட்சித் தலைவர் குணபூஷணம் வந்து நின்றார்.

"எழுபது வயசுல எனக்கு அத்தனையும் சொந்தப் பல்லு! இந்த ஊருல யாருக்கும்மா பல்செட்டு? ஒரே ஒரு ஆளைக் காட்டு. இல்லேன்னா இன்னிக்கே கடையைக் காலி பண்ணு!"

கூடி நின்றவர்கள் வெட்கப்பட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்கள். சவேரியம்மாளும் தன்னிடம் வந்த யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தலைவர் பேசப் பேச அவருடைய மேல்வரிசை ஆடுவதை மட்டும் பார்த்தாள்.

"காலி பண்ணிடறேங்கய்யா. முதல்ல இதைச் சாப்பிடுங்க" என்று ஒரு கமர்கட்டை நீட்டினாள்.

இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? தலைவர் கடித்து இழுத்தார். கமர்கட்டோடு மேல்வரிசை மொத்தமும் ஒட்டிக்கொண்டு கையில் வந்தது.

"ஆளைக் காட்டிட்டேங்கய்யா. ஆடாம சரிபண்ணித் தர்றேன், ஆனா அதுக்குக் கடை இருக்கணுமே?"

தலைவர் பொக்கை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அதில் தெரிந்த பல்லில் பாதி சவேரியம்மாள் செய்தது.