அண்ணாச்சி உட்கார்ந்த நாற்காலி

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டும்போது நடந்த சங்கதி இது. காண்ட்ராக்டர் தவசிக்கண்ணு அண்ணாச்சி, சுவரில் பலகை ஒட்டுகிற கெட்டிப் பசையை வண்டி நிறைய கொண்டுவந்து இறக்கினார்.

"இதுதான் பலம். நாற்காலிக்கும் இதேதான். நீ மரத்துக்குப் பூசுற அந்த வெள்ளைப் பசையத் தொட்டே, நாளையிலேருந்து வேலைக்கு வராதே," என்றார், தச்சு வேலை செய்யும் முப்பிடாதியிடம்.

மறுவாரம் முப்பிடாதி அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணு உங்க பசை, ஒண்ணு வெள்ளைப் பசை. எது எதுன்னு சொல்ல மாட்டேன். உங்க பசை போட்ட நாற்காலியில நீங்க உட்கார்ந்துட்டா, நானே போயிருதேன் அண்ணாச்சி."

கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அண்ணாச்சி எங்கே போனாலும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். ஆட்டினார். ஒன்று நெளிந்தது. மற்றது அசையவில்லை. அதில் உட்கார்ந்தார்.

"அது வெள்ளைப் பசை," என்றாள் முப்பிடாதி. "மரத்தோட மரம் இறுகுறதுக்கு அதுதான். உங்க பசை காஞ்சாலும் ரப்பர் மாதிரி நெளியும். மேடுபள்ளச் சுவருக்கு அதை விட்டா ஆளில்ல. அங்க பூசிருவோம்."

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அப்போ எங்க வீட்டுக் கட்டிலுக்கும் என் பசையத்தான்..."

"ஆடுதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி எழுந்து அவசரமாகச் சுவரைப் பார்க்கப் போனார்.